சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

மாதம் 55,000 ரூபாய் சம்பளம், ஆண்டுக்கு 6,60,000. ஏப்ரலில் பழைய வரி முறையை (சேமிப்பு, வாடகைக்குக் கழிவு தரும் முறை) கேட்டு வாங்கிவிட்டு, சேமிப்பு, வீட்டு வாடகை ரசீதுகளைக் கொடுக்காமல் விட்டால், 50,000 ரூபாய் நிலையான கழிவு போக மீதி 6,10,000-க்கு செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 35,880 ரூபாயை அலுவலகம் பிடித்துவிடும். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி இதே சம்பளத்துக்கு வரியே கிடையாது; 12,75,000 வரை சம்பளம் மட்டுமே வாங்குபவருக்குப் வருமான வரிச் சட்டப் பிரிவு 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும். ஆண்டு நடுவில் வேலையை விட்டவர்களுக்கும் இப்படி நடக்கும். முழு ஆண்டுச் சம்பளத்தைக் கணக்கிட்டுத்தானே மாதாமாதம் பிடித்திருப்பார்கள்!

பிடித்த பணம் அரசுக் கணக்குக்குப் போய்விட்டதால் ஆண்டு முடிந்தபின் அலுவலகத்தைக் கேட்டுப் பயனில்லை. வருமான வரி ரிட்டர்ன் (வருமானக் கணக்குத் தாக்கல்) போட்டால்தான் ரீஃபண்ட், அதாவது கூடுதல் வரி திரும்பி வரும்.

அலுவலகம் தரும் வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16 ஜூன் 15-க்குள் கைக்கு வர வேண்டும். அதில் உள்ள டிடிஎஸ் (சம்பளத்தில் பிடித்த வரி) தொகையை, வருமான வரி இணையதளத்தில் உள்ள ஃபார்ம் 26ஏஎஸ்-உடன் (உங்கள் பேரில் அரசுக்கு வந்த வரியின் பட்டியல்) ஒப்பிடுங்கள். 26ஏஎஸ்-இல் இல்லாத தொகைக்கு ரீஃபண்ட் கேட்டால் சிக்கிக்கொள்ளும். அலுவலகம் தன் டிடிஎஸ் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்தால்தான் அது சரியாகும்; கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். பிறகு ரிட்டர்ன் படிவமான ஐடிஆர்-1-ஐ நிரப்புங்கள். வங்கி வட்டியையும் விடாமல் காட்டுங்கள். எந்த வரி முறை என்பதை இங்கே மாற்றிக்கொள்ளலாம், அலுவலகத்தில் சொன்னது உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பழைய முறைக்கு மாற வேண்டுமானால் ஜூலை 31 கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை (இணையத்தில் ரிட்டர்னை உறுதிப்படுத்தல்) செய்யாவிட்டால், வெரிஃபை செய்யும் தேதியே தாக்கல் தேதியாகிவிடும். கெடு தாண்டிவிட்டால் தாமதக் கட்டணம், மொத்த வருமானம் 5 லட்சம் வரை 1,000, அதற்கு மேல் 5,000. டிசம்பர் 31-க்குப் பிறகு ரீஃபண்ட் கேட்டு ரிட்டர்ன் போட முடியாது. கெடு முடிந்தபின் போடும் 'அப்டேட்டட் ரிட்டர்ன்' இதற்கு உதவாது. தாமதத்தை மன்னிக்கக் கோரித் துறைக்கு மனுப் போடுவதுதான் மிச்சம்.

தமிழ்நாட்டில் அதிகம் இடறும் இடம் இனிஷியல். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் வெறும் 'எஸ்' இருக்கும். பெயர் ஒத்துப்போகாமல் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு தோற்றால் பணம் வராது. பான் நகலோடு வங்கிக்குப் போய்ப் பெயரைத் திருத்துங்கள், பிறகு தளத்தில் மறுபடி சரிபார்த்து பணத்தை மறுபடி அனுப்பக் கேட்கும் 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கோரிக்கை போடுங்கள். பான்–ஆதார் இணைப்பு இல்லாவிட்டாலும் ரீஃபண்ட் நிற்கும். பழைய வரி பாக்கி இருந்தால் அதில் கழித்துக்கொள்வார்கள். முன்னதாக நோட்டீஸ் வரும், பாக்கி தவறென்றால் உடனே மறுப்புப் பதியுங்கள்.

'கமிஷன் கொடுங்கள், பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன்' என்பவர்கள் செய்வது, கொடுக்காத நன்கொடையைக் கழிவாகக் காட்டுவதுதான். பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல 200 சதவீதம் வரை அபராதம். கட்ட வேண்டியவர் நீங்கள், அவரல்ல.

கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால் ஏப்ரல் 1 முதல் மாதம் 0.5 சதவீத வட்டியும் சேரும். ரீஃபண்ட், உங்கள் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவென்றால் வட்டி இல்லை. வந்த வட்டிக்கும் வரி உண்டு, அடுத்த ரிட்டர்னில் 'இதர வருமானம்' பகுதியில் காட்டுங்கள்.