சம்மன் கைக்கு வந்ததும்: மதுரையில் கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு

கோர்ட்டுத் தாள் வீட்டுக்கு வந்தால் பாதிப் பேர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, "பெரியவன் வரட்டும், பார்ப்போம்" என்று இருந்துவிடுகிறார்கள். வாங்க மறுத்தால் வழக்கு போய்விடும் என்று நினைப்பவர்களும் உண்டு. போகாது. நீங்கள் வீட்டில் இல்லை என்றால் குடும்பத்தில் வயது வந்த ஒருவரிடம் கொடுத்துவிடலாம். குற்ற வழக்குகளுக்கான பழைய நடைமுறைச் சட்டம் அதற்கு ஆண்தான் வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த நிபந்தனை இல்லை. அம்மா வாங்கினாலும் மகள் வாங்கினாலும் செல்லும்.

தாளை நிதானமாகப் படியுங்கள். எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன, எந்தத் தேதி, உங்களை யாராகக் கூப்பிடுகிறார்கள், இவை தெரிய வேண்டும். "எதிரி" என்று போட்டிருந்தால் பதறாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட்டு பாஷையில் அதுதான் பெயர். சிவில் வழக்கு என்றால் "பிரதிவாதி" என்று இருக்கும். வெறும் சாட்சியாகவும் இருக்கலாம்.

அப்புறம் இடம். மதுரையில் இந்தக் குழப்பம் தினமும் நடக்கிறது. மாவட்ட நீதிமன்றமும் மேலூர் ரோட்டில்தான், 2004இல் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளையும் அதே ரோட்டில்தான். முன்னது மாட்டுத்தாவணிக்கு முன்னால், கே.கே.நகர் பக்கம். பின்னது மாட்டுத்தாவணி தாண்டி ஒத்தக்கடையில். "கோர்ட்டு" என்று மட்டும் சொல்லி ஆட்டோ ஏறினால் எங்கே இறங்குவீர்கள் என்று சொல்ல முடியாது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களில் தனி நீதிமன்றங்கள் இருப்பதால், மதுரைக்கு வரவே தேவையில்லாத வழக்கும் உண்டு.

காலை 10.30 மணிக்கு நீதிபதி வந்து அமர்வதற்கு முன்பே அங்கே இருங்கள். ஒரு விபத்து வழக்கில் சாட்சியாகப் போன முதல் நாள், பட்டியலில் நம் வழக்கு கீழே கிடக்கிறதே என்று நான் டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டவாலி, அதாவது பெயர் கூப்பிடும் கோர்ட்டுச் சேவகர், மூன்று முறை பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார். வழக்கறிஞர் எழுந்து கெஞ்சி, மதியத்துக்கு மேல் மறுபடி கூப்பிட வைத்தார். கூப்பிடும்போது ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய சிக்கல். எதிரி வராவிட்டால் பிடிவாரண்ட் வரும். சிவில் வழக்கில் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்களைக் கேட்காமலே தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சிவில் சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம்.

உண்மையிலேயே வர முடியாத நிலை என்றால், ஆஸ்பத்திரிச் சீட்டோடு வழக்கறிஞர் மூலம் அன்றைக்கே மனுக் கொடுங்கள். எதிரிக்காகப் போடும் இந்த மனுவைக் குமாஸ்தாக்கள் இன்னும் பழைய சட்டப் பிரிவை வைத்து "317 பெட்டிஷன்" என்றுதான் சொல்வார்கள், புதிய சட்டத்தில் அது 355ஆம் பிரிவு. வாரண்ட் வந்துவிட்டதா? ஒளியாமல் நேரில் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனுப் போடுவதுதான் வழி.

உடை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சுத்தமான வேட்டி சட்டை போதும், கைலி வேண்டாம். தலைப்பாகைத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போவதுபோல நுழையும் பெரியவர்களைப் பார்க்கிறேன். அவ்வளவு கூனிக் குறுக வேண்டியதில்லை. நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள். ஐயா அல்லது அம்மா என்று சொன்னால் போதும். செல்போனை அணைத்துவிடுங்கள். போட்டோ, வீடியோ கூடவே கூடாது.

கூண்டில் ஏறியதும் உறுதிமொழி. கடவுள் பெயரால் எடுக்க விருப்பம் இல்லையென்றால் உளமார உறுதி கூறலாம், 1969 சட்டம் அதற்கு இடம் தருகிறது. கேள்வி கேட்பவர் வழக்கறிஞர், ஆனால் பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். "வண்டி என்ன நிறம்?" என்று கேட்டால் நிறத்தைச் சொன்னால் போதும். டிரைவர் குடித்திருந்தார் என்று சேர்த்துச் சொன்னால், குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே சொல்லுங்கள், யூகித்துச் சொன்னதுதான் பிறகு காலை வாரும். கேள்வி புரியவில்லையா, "மறுபடி கேளுங்கள், ஐயா" என்பதில் தப்பில்லை. கீழமை நீதிமன்றங்களில் தமிழ்தான் மொழி. குற்ற வழக்கில் நீங்கள் சொன்னதை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தப்பாகப் பதிவாகியிருந்தால் கையெழுத்துப் போடும் முன் சொல்லிவிடுங்கள். சாட்சிக்கு வழிச்செலவுக்கான படியும் உண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால், 1987 சட்டப்படி இலவச உதவி கிடைக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமலே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். வாசலில் "ஜட்ஜய்யாவைத் தெரியும்" என்று வரும் புரோக்கரிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் முன் அடுத்த வாய்தா தேதியைப் பெஞ்ச் கிளார்க்கிடமோ வக்கீல் குமாஸ்தாவிடமோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே சிஎன்ஆர் நம்பரையும், அதாவது எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடம் கொண்ட, உங்கள் வழக்குக்கான தனி அடையாள எண்ணையும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். வாய்தாவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒருமுறை பார்த்துவிட்டு, காலையில் குமாஸ்தாவுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நீதிபதி லீவு என்றால் உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறுகிற வேலையாவது மிச்சம்.