சுவாசம்: மூச்சும் உயிர்ப்பும்

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் கிடக்கும் சாக்குகளில், இறுக்கி அமுக்கிய ஒன்றுக்குள் கையை விட்டுப் பாருங்கள். நுவரெலியாக் குளிரிலும் உள்ளே சுடும். "காத்தாடக் கொட்டுடா, அவிஞ்சிரும்" என்று அம்மா சத்தம் போடுவார். அது வெயில் சூடு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். பறித்த பிறகும் கொழுந்து சுவாசிக்கிறது, அதனால் வரும் சூடு என்று விஞ்ஞானப் பாடத்தில் தெரிந்தபோது குழப்பம்தான் மிஞ்சியது. மூக்கும் நெஞ்சும் இல்லாத இலை எப்படிச் சுவாசிக்கும்?

குழப்பம் சொல்லில் இருக்கிறது. சுவாசம் வடசொல். 'ச்வஸ்' என்ற வேருக்கு மூச்சுவிடு, பெருமூச்செறி என்று பொருள். ஆக, பிறப்பில் அது வெறும் மூச்சுதான். ஆங்கிலத்தில் மூச்சு விடுவதைப் பிறீதிங் என்றும், உடல் ஒட்சிசனைக் கொண்டு உணவிலிருந்து சக்தி எடுப்பதை ரெஸ்பிரேஷன் என்றும் பிரிக்கிறார்கள். நாம் இரண்டையும் 'சுவாசம்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டோம்.

மூச்சு நம் சொல். பேசு பேச்சானது போல, வீசு வீச்சானது போல, மூசு மூச்சானது. யாழ்ப்பாணப் பக்கம் ஓடிவந்து இரைப்பவரை 'மூசி மூசி நிற்கிறார்' என்று இன்றும் சொல்வார்கள். மலையகத்தில் நமக்கு 'மூச்சு வாங்குது'. சாதாரண நேரத்தில் மட்டும் 'மூச்சு விடுகிறோம்'. இந்த வாங்கலையும் விடுதலையும் நான் மிகவும் ரசிக்கிறேன். ஓய்வில் இருக்கும்போது காற்றை உள்ளே இழுப்பதற்குத்தான் தசை வேலை செய்யவேண்டும். வெளியே போவது, இழுபட்ட நெஞ்சு தானாகத் தளர்வதால். சும்மா விட்டால் போதும், போய்விடும்.

இழுக்கும் வேலையில் பெரும்பங்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் கூரை போன்ற தசைக்கு. அது சுருங்கித் தாழும், விலாக்கள் மேலெழும், நெஞ்சறை விரியும், காற்று புகும். இப்படி முழுமையான தசைக்கூரை பாலூட்டிகளுக்கே உரியது. பறவைக்கும் பல்லிக்கும் இல்லை. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதன் பெயர் உதரவிதானம்: உதரம் வயிறு, விதானம் மேற்கட்டி. நம் பாடநூல்களில் பிரிமென்றகடு. பிரி, மென், தகடு என்று பிரித்துப் பார்க்காத வரை ஏதோ மருந்தின் பெயர் போல இருக்கும். தசையைத் தகடு என்பது கொஞ்சம் இடிக்கிறது. ஆனாலும் வேலையைச் சொல்லும் பெயர் என்பதால் என் ஓட்டு அதற்கே.

நுரையீரலைச் சுவாசப்பை என்பதில் மட்டும் நம் பாடநூலோடு எனக்கு உடன்பாடில்லை. பை என்றால் பலூன் போல வெற்றிடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இறைச்சிக்கடையில் ஆட்டின் நுரையீரலைத் தொட்டவருக்குத் தெரியும், அது நுரைதான். மனிதரில் முப்பது கோடிக்கும் மேற்பட்ட சிற்றறைகள் அந்த நுரைக்குள் இருக்கின்றன. அங்கேதான் ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகிறது, காபனீரொட்சைட்டு வெளியே வருகிறது. உள்ளே போகும் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம், வெளியே வருவதில் 16 வீதமளவு.

அப்புறம் ஏன் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது? மலைக்காற்றில் ஒட்சிசன் 'வீதம் குறைவு' என்பார்கள். வீதம் அதே 21தான். காற்றழுத்தமே நுவரெலியா உயரத்தில் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒரு மூச்சில் கிடைப்பது குறைகிறது. ஆனால் கூடையோடு ஏறும்போது, உழைக்கும் தசையிலிருந்து நரம்புச் செய்திகள் மூச்சை முடுக்குகின்றன. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடினாலும் மூளையின் அடித்தண்டு அதை உணர்ந்து விரட்டும். மூச்சை அடக்கினால் ஒரு கட்டத்துக்குமேல் தாங்க முடியாமல் போவதற்கும் பெரும்பாலும் இந்த வாயுதான் காரணம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் ஓடும் பந்தயக் குதிரைக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு: நாலுகால் பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு, அந்தத் தாளம் மாறாது.

இவ்வளவும் மூச்சு. அதற்குப் பிறகு உடலின் கலங்களில், அதாவது உயிரணுக்களில், நடப்பதுதான் நம் பாடநூல் சொல்லும் கலச்சுவாசம். இரத்தம் கொண்டுவந்த ஒட்சிசனை வைத்துக் கலம் குளுக்கோசைப் படிப்படியாக உடைக்கிறது, அதில் பெரும்பகுதி கலத்துக்குள் இருக்கும் இழைமணிகள் என்ற நுண்ணுறுப்புகளில் நடக்கிறது. சக்தியில் ஒரு பகுதி உடலின் வேலைக்காகப் பிடித்துவைக்கப்படும், மீதி சூடாகப் போகும். நம் உடம்பின் 37 பாகைச் சூடும் சாக்குக்குள் கொழுந்தின் சூடும் இந்த வகையில் ஒரே குடும்பம்.

இதற்குத் தமிழில் 'உயிர்ப்பு' என்பேன். பழந்தமிழில் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடல், பெருமூச்சு நெட்டுயிர்ப்பு, துயரத்தில் சுடும் மூச்சு வெய்துயிர்ப்பு. மூச்சும் உயிரும் ஒரே சொல்லில் இருப்பது லத்தீனிலும் உண்டு: ரெஸ்பிரேஷனும் ஆன்மாவைக் குறிக்கும் ஸ்பிரிட்டும் ஒரே வேர். நெஞ்சு செய்வதற்கு மூச்சு, கலம் செய்வதற்கு உயிர்ப்பு என்று பிரித்துக்கொண்டால், கொழுந்துக்கு மூச்சில்லை, உயிர்ப்பு உண்டு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற தம்பி தங்கைகள் விடைத்தாளில் மட்டும் சுவாசம் என்றே எழுதுங்கள். திருத்துகிறவர் கையில் இருப்பது புள்ளித் திட்டம்.