சென்சர், உணரி, ஆளி: மாட்டுக்கு எரிந்து ஆளுக்கு எரியாத விளக்கு

"தம்பி, உந்தச் சென்சர் மாட்டைக் கண்டா எரியுது, ஆளைக் கண்டா எரியுதில்லை. பழுதோ எண்டு ஒருக்கா வந்து பார்."

இலங்கையின் வன்னியில் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கும் பெரியம்மா சொன்னது இது. மகள் கனடாவிலிருந்து காசு அனுப்பி, முன்சுவரில் ஆள் வந்தால் எரிகிற லைற், ஒரு கமரா, போனில் போட்டு நூர்க்கிற சுவிச் இரண்டு என்று பூட்டியிருந்தார். வன்னியில் இப்போது இப்படி நிறைய வீடுகள். பிள்ளைகள் வெளியில், வயதான தாயோ தகப்பனோ தனிய, நடுவில் இந்தச் சாமான்கள். அவை ஒழுங்காக வேலை செய்யவேண்டும் என்பது எனக்கு முக்கியம், ஏனென்றால் அந்த லைற்றை நம்பித்தான் பெரியம்மா இரவில் கிணற்றடிக்குப் போகிறார்.

சரி, பெரியம்மா சொன்னதில் சரியாகக் கவனிக்கவேண்டிய சொல் "கண்டா". சென்சர் காண்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்த நினைப்பை மாற்றினாலே பாதிப் பழுது பிடிபடும், அதற்குத் தமிழில் நல்ல சொல்லும் இருக்கிறது, உணரி.

முதலில் சென்சர். தமிழில் இப்படி எழுதினால் இரண்டு வேறு ஆங்கிலச் சொற்கள் ஒரே உருவத்துக்குள் வந்துவிடும். எங்கள் அப்பாவின் தலைமுறைக்குச் சென்சர் என்றால் தணிக்கை, படத்தை வெட்டுவது, போர்க்காலத்தில் செய்தியை நிறுத்துவது. அது மதிப்பிடுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது, பழைய உரோமாபுரியில் குடிமக்களைக் கணக்கெடுத்து ஒழுக்கத்தையும் மேற்பார்வை செய்த அதிகாரிக்கு அந்தப் பெயர். லைற்றில் இருக்கிற சென்சர் வேறு. அதன் வேர் இலத்தீனில் உணர்தல் என்று பொருள்தரும் சென்தீரே என்ற வினை. ஒரு கருவிக்குப் பெயராக அது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். அதைவிட நீண்ட வாழ்க்கை தமிழின் "உணர்" என்ற வினைக்கு இருக்கிறது.

உணர் என்பதோடு இகரம் சேர்ந்தால் உணரி. இந்த இகரம் புதிதாகக் கண்டுபிடித்தது கிடையாது. மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, இடியைத் தாங்குவது இடிதாங்கி, கோயில் திருவிழாவில் பனையில் கட்டுகிறது ஒலிபெருக்கி. செய்கிற வேலையைச் சொல்லிவிட்டு ஓர் இகரத்தைப் போட்டால் அந்த வேலையைச் செய்யும் கருவிக்குப் பெயர் வந்துவிடுகிறது. வேலியோரத்தில் கிடக்கிற தொட்டாற்சுருங்கியும் இதே அமைப்புத்தான், அந்தச் செடியும் ஓர் உணரிதான். பூச்சியின் தலையில் இருக்கிற இரண்டு மீசையை உயிரியல் பாடத்தில் உணர்கொம்பு என்று படித்திருப்பீர்கள், அங்கேயும் இதே உணர். சிலர் உணர்கருவி என்று எழுதுகிறார்கள், பிழையில்லை, ஆனால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லவேண்டிய சொல் மூன்று எழுத்தில் இருந்தால்தான் வாயில் நிற்கும் என்பது என் எண்ணம்.

ஒரு மறுப்பு வரலாம். உணர்தல் என்றால் விளங்கிக்கொள்வதும்தானே, இந்த மலிவான சாமான் எதை விளங்கிக்கொள்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவுவரை அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைக்கிறது, அந்த ஓரறிவு தொட்டால் தெரிகிற உற்றறிவு மட்டும். சுவரில் இருக்கிற உணரியையும் அப்படித்தான் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஓரறிவு. ஒன்றை மட்டும் உணரும், அது எந்த ஒன்று என்று தெரியாமல் பழுது பார்க்க வெளிக்கிட்டால் நல்ல சாமானைக் கழற்றி எறிவோம்.

பெரியம்மா வீட்டில் இருந்தது வெப்பத்தை உணர்கிற வகை. கடையில் அசைவுக்கு எரிகிற லைற் என்று விற்பார்கள், ஆனால் அசைவை நேரே அது அறியாது. உடம்பிலிருந்து வெளிவரும் அகச்சிவப்புக் கதிரைத்தான் வாங்குகிறது. உள்ளே இரண்டு சிறிய துண்டுகள் எதிரெதிராக இணைந்திருக்கும், இரண்டிலும் ஒரே அளவு வெப்பம் பட்டால் ஒன்றை மற்றது கழித்துவிடும், ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் மட்டும் சமிக்ஞை. மேலே இருக்கிற பால்நிறப் பிளாஸ்ரிக் மூடி முற்றத்தை விசிறி மாதிரிப் பல கீற்றாகப் பிரிக்கிறது. ஆகவே கீற்றுகளைக் குறுக்கே வெட்டிப் போகிறவரை உடனே உணரும், ஒரே கீற்றுக்குள் நேராக அதை நோக்கி வருகிறவரைக் கிட்ட வரும்வரை உணராது.

இப்போது அந்த முற்றத்தைப் பாருங்கள். லைற் வாசலுக்கு மேலே, படலையைப் பார்த்தபடி. படலையால் வருகிற ஆள் நேராக வாசலுக்கு வருகிறார். கட்டாக்காலி மாடுகளோ பக்கத்து வெறுங்காணியால் புகுந்து முற்றத்தைக் குறுக்கே கடந்து மாமரத்தடிக்குப் போகின்றன, அதுவும் பெரிய உடம்போடு. மாட்டுக்கு எரிந்து ஆளுக்கு எரியாததற்கு முழுக் காரணம் இதுதான். பழுது ஒன்றும் இல்லை. லைற்றைக் கழற்றிப் பக்கத்துச் சுவரில், வருகிற பாதையைக் குறுக்கே பார்க்கிற மாதிரிப் பூட்டினோம், ஏழெட்டு அடி உயரத்தில். அன்றிரவே பெரியம்மா படலைக்குள் கால் வைத்ததும் எரிந்தது.

வன்னிக்கு இன்னொரு சிக்கல் வெக்கை. ஆளின் தோல் ஏறக்குறைய 33, 34 பாகையில் இருக்கும். சித்திரையில் நாள் முழுக்கக் காய்ந்த சுவரும் மண்ணும் பொழுதுபட்ட பிறகும் கிட்டத்தட்ட அதே சூட்டில் கிடந்தால் ஆளுக்கும் பின்னணிக்கும் வித்தியாசம் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் பத்து மீற்றர் எட்டுகிற உணரி நாலைந்து மீற்றரில்தான் விழிக்கும். நடுச்சாமத்தில் மண் குளிர்ந்ததும் திரும்பச் சரியாகிவிடும். "பின்னேரம் வேலை செய்யுதில்லை, இரவில் செய்யுது" என்று யாராவது சொன்னால் வயரைத் தேடவேண்டாம். விழிக்கும் என்று எழுதியதும் ஒன்று நினைவுக்கு வந்தது, பழந்தமிழில் உணர்தலுக்குத் துயிலெழுதல் என்ற பொருளும் உண்டு, துயிலுணர்தல் என்பார்கள். நாள் முழுக்க உறங்கிக் கிடந்து ஒரு சூட்டுக்கு எழும்புகிற இந்தக் கருவிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

கண்ணாடி யன்னலுக்கு உள்ளே வைத்தாலும் இது முற்றத்தை உணராது. எங்கள் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிற கண்ணாடி உடம்புச் சூட்டின் கதிருக்குச் சுவர். மூடியில் பல்லி ஏறினால் எரியும். கரண்ட் போய் வந்த பிறகு அரை நிமிடம், ஒரு நிமிடம் தன்பாட்டில் எரிந்துவிட்டுத்தான் நிதானத்துக்கு வரும், 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இதைப் பழுதென்று நினைத்துக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனவர்கள் உண்டு.

இதே சென்சர் என்ற பெயரில் ரேடார் வகையும் விற்கிறது. அது நுண்ணலையை வீசித் திரும்பி வருவதை உணர்வது. அதற்கு வெக்கை பொருட்டில்லை, ஆனால் மெல்லிய பலகை, கிடுகு, கதவு எல்லாம் தாண்டிப் போகும், வீதியில் சைக்கிள் போனாலும் எரியும், காற்றாடி சுழன்றாலும் எரியும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான் ஆட்களைக் குழப்புகிறது. வெப்ப உணரி, நுண்ணலை உணரி என்று பிரித்துச் சொன்னால் கடைக்காரரிடமே பாதி வேலை முடிந்துவிடும். பொழுதுபட்டால் தானாக எரிவதற்கு இருப்பது ஒளி உணரி. அதில் ஒரு பழுதுதான் அடிக்கடி வரும், லைற் மினுக்கி மினுக்கி எரிந்து நூரும். லைற்றின் வெளிச்சம் அதே உணரியில் விழுகிறது, அது விடிந்துவிட்டதென்று எடுத்துக்கொண்டு நூர்க்கிறது, இருண்டதும் திரும்பப் போடுகிறது. உணரியை மறுபக்கம் திருப்பினால் போதும்.

உணர் என்பதைப் பிறவினையாக்கினால் உணர்த்து, அதிலிருந்து உணர்த்தி. போனில் டிங் என்று வருகிற அறிவித்தல், வீட்டில் அலறுகிற சைரன், இவையெல்லாம் உணர்த்திகள். இந்த இரண்டாவது சொல்லையும் புழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உணரி உணரும், உணர்த்தி எங்களுக்கு உணர்த்தும், இரண்டுக்கும் நடுவில் நின்று போட்டு நூர்க்கிறது ஆளி. இலங்கைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு ஆளி என்றால் சுவிச் என்று தெரியும். தமிழ்நாட்டு நண்பர்கள் ஆளி விதையைத்தான் நினைப்பார்கள், அங்கே சொடுக்கி என்கிறார்கள். ஆள் என்ற வினையோடு அதே இகரம், மின்னை ஆள்வது ஆளி. சொடுக்குவது எங்கள் விரல் செய்கிற வேலை, ஆள்வதுதான் கருவி செய்வது, அதனால் போனிலிருந்து யாரும் சொடுக்காமல் இயங்குகிற சுவிச்சுக்கும் ஆளி பொருந்திவிடுகிறது.

பெரியம்மா வீட்டின் இரண்டாவது முறைப்பாடு ஆளியில். நூர்த்த பிறகும் எல்ஈடி மின்குமிழ் மங்கலாக மின்மினி மாதிரி எரிந்துகொண்டிருந்தது. பேய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் சுவிச் பெட்டிக்குப் பெரும்பாலும் உயிர்க்கம்பி (லைவ்) மட்டும்தான் வரும், நொதுமல் கம்பி (நியூற்றல்) நேரே விளக்குக்குப் போய்விடும். வைஃபையில் இயங்குகிற ஆளிக்குத் தான் விழித்திருக்கவே கொஞ்ச மின் வேண்டும், நொதுமல் இல்லாவிட்டால் அது மின்குமிழுக்கூடாகவே அந்தக் கொஞ்சத்தை இழுக்கும். பழைய இழைக் குமிழுக்கு அது உறைக்காது, எல்ஈடிக்கு அந்தத் துளி போதும். விளக்கோடு சமாந்தரமாக ஒரு சிறிய கொள்ளளவியை (கப்பாசிற்றர்) போடலாம், இல்லாவிட்டால் நொதுமலை ஆளிப் பெட்டிவரை இழுக்கலாம். 230 வோல்ற்று, ஆகவே அதை வயரிங் தெரிந்தவரைக் கொண்டுதான் செய்வித்தோம். நொதுமல் என்பது அழகான சொல். சங்கப் பாட்டில் நொதுமலர் என்றால் அயலார், இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் நிற்பவர்.

அப்புறம் தூரத்திலிருந்து பார்ப்பது. கனடாவிலிருக்கும் மகள் கமராவைப் பார்க்கவேண்டும். இதைத் தொலை அணுகல் என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரும் கிட்டப் போதல்தான், அந்த வகையில் அணுகல் நேர்ப்பொருத்தம். ஆனால் பூட்டிக்கொடுத்தவர் செய்த வேலை எனக்குக் கவலையாக இருந்தது. ரூட்டரில் ஒரு வாயிலைத் திறந்து கமராவை நேரே இணையத்தில் விட்டிருந்தார், கடவுச்சொல் பெட்டியோடு வந்த அதே கடவுச்சொல். ஆங்கிலத்தில் போர்ட் எனப்படும் இந்த வாயிலுக்குக் கணினித் தமிழில் துறை என்றும் எழுதுகிறார்கள். துறை என்றால் கப்பல் வந்து நிற்கிற இடம், இங்கே வேண்டியது கதவு என்ற பொருள், அதனால் வாயில்தான் சரி. பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் சொன்ன சொல் பொட்டு. வேலியில் கதியாலை விலக்கிக் குறுக்கால போவதற்கு வைக்கிற அதே பொட்டு. "உங்கட மகள் வாறதுக்கு வேலியில பொட்டு வைச்சிருக்கினம், அதுக்குள்ளால ஆரும் வரலாம்" என்றதும் அவருக்கு உடனே பிடிபட்டது.

2016இல் மிராய் என்ற தீநிரல், அதாவது தீங்கு செய்கிற கணினி நிரல், இப்படித்தான் பரவியது. பெட்டியோடு வந்த அறுபதுக்கு மேற்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, திறந்த கமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அந்த ஒக்டோபரில் அவற்றை ஏவி அமெரிக்காவில் பல பெரிய தளங்களை மணித்தியாலக் கணக்கில் முடக்கினார்கள். கமரா வைத்திருந்தவர்களில் பலருக்குத் தங்கள் சாமான் அதில் பங்கெடுத்ததே தெரியாது.

நாங்கள் பொட்டை அடைத்தோம். கடவுச்சொல்லை மாற்றினோம், கமராவுக்குள் இருந்து அதை இயக்குகிற உள்நிரலைப் புதுப்பித்தோம், ரூட்டரில் சாமான்கள் தாங்களாகவே வாயில் திறக்கிற வசதியை நிறுத்தினோம். மகளின் போனுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மெய்நிகர் தனிப்பட்ட வலையமைப்பை (விபிஎன்) போட்டோம், அதாவது திறப்பு வைத்திருக்கிறவர் மட்டும் படலையால் வருகிற வழி.

கடைசியாகச் செயலியில் பெயர்களை மாற்றினேன். சென்சர் 1, சென்சர் 2 என்று இருந்தவற்றைப் "படலை வெப்ப உணரி", "கிணற்றடி ஒளி உணரி", "விறாந்தை ஆளி" என்று தமிழில் போட்டேன். இடமும் புலனும் பெயரிலேயே இருப்பதால், அங்கே வேலைக்கு நடுவில் அறிவித்தலைப் பார்க்கிற மகளுக்கு எந்த மூலையில் எது உணர்ந்தது என்று தெரிகிறது. போன கிழமை இரவு படலை உணரி அடுத்தடுத்து நாலு தரம் உணர்த்தியதும் அவர் உடனே தாய்க்கு அழைத்திருக்கிறார். பெரியம்மா யன்னலால் பார்த்துவிட்டு, "மாடு பிள்ளை, நீ வேலையைப் பார்" என்று வைத்துவிட்டாராம்.