முடிவு மாறியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா?

ஒரு கருத்தை நம்பத் தொடங்கிவிட்டால் அதற்குச் சாதகமான சான்றுகள் தாமாகவே கண்ணில் படுகின்றன. பாதகமானவை எளிதில் படுவதில்லை. பட்டாலும் அவற்றில் ஓட்டை தேடுகிறோம். உளவியலில் இதற்கு உறுதிப்படுத்தல் சார்பு என்று பெயர். 'இனி நடுநிலையோடு யோசிப்பேன்' என்று தீர்மானித்தால் இது விலகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது அவ்வளவு எளிதில்லை.

உளவியலாளர்கள் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 1979இல் வெளியிட்ட சோதனை இது. மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களும் எதிர்க்கும் மாணவர்களும் இரண்டு ஆய்வுகளைப் படித்தார்கள். தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றது ஒன்று. இல்லை என்றது மற்றொன்று. இரண்டுமே சோதனைக்காகப் புனையப்பட்டவை. ஒரு தரப்புக்கு நேர்த்தியாகத் தெரிந்த ஆய்வுமுறை மறுதரப்புக்குக் குறைபாடுள்ளதாகத் தெரிந்தது. படித்து முடித்தபின், தங்கள் நிலைப்பாடு முன்பைவிட வலுத்துவிட்டதாகவே இரு தரப்பும் சொன்னது.

1984இல் லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரெஸ்டனுடன் சேர்ந்து இதற்கு மருந்து தேடினார்கள். ஒரு குழுவிடம், நீதிபதியைப் போலப் பாரபட்சமின்றிச் சீர்தூக்கிப் பாருங்கள் என்றார்கள். பலனில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: சார்போடு யோசிப்பவர், தான் ஏற்கெனவே நியாயமாகத்தான் யோசிப்பதாக நம்புகிறார். இன்னொரு குழுவிடம் வேறொன்றைக் கேட்டார்கள்: இதே ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்திருந்தால், அதை இப்படியே மதிப்பிட்டிருப்பீர்களா? சார்பு மறைந்தது. நல்லெண்ணத்தால் ஆகாததை ஒரு குறிப்பான கேள்வி செய்துவிட்டது. இந்தத் துறையில் அன்றாட வாழ்க்கைக்கு இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு வேறு இல்லை என்பது என் கருத்து.

பிடித்த முடிவைக் காப்பாற்றும் ஆசை மட்டுமே இந்தச் சார்புக்குக் காரணமில்லை. நாம் சோதித்துப் பார்க்கும் விதமும் காரணம். 1960இல் உளவியலாளர் பீட்டர் வேசன் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, அவற்றின் பின்னுள்ள விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். வேறு மூன்று எண்களைச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துகின்றனவா என்று அவரிடம் கேட்கலாம். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று ஊகித்தவர் 8, 10, 12 என்று கேட்டால் 'பொருந்துகிறது' என்றே பதில் வரும். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். உண்மையான விதியோ, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டுமே. தன் ஊகத்துக்குப் பொருந்தாத 1, 2, 3 என்பதைக் கேட்டிருந்தால், அதற்கும் 'பொருந்துகிறது' என்றே பதில் வந்து ஊகம் உடனே உடைந்திருக்கும்.

தலைவலிக்கு ஒரு மருந்தைச் சாப்பிட்டதும் வலி நின்றுவிட்டது என்பதும் 8, 10, 12 வகைச் சான்றுதான். சாப்பிட்டும் நிற்காத நாட்கள் எத்தனை? சாப்பிடாமலே நின்ற நாட்கள் எத்தனை? இவை நினைவில் தங்குவதில்லை. தன் கொள்கைக்கு எதிரான தகவல் கிடைத்தால் சார்லஸ் டார்வின் அதை உடனே குறித்துவைப்பார். சாதகமானவற்றைவிட அத்தகையவை விரைவில் மறந்துபோகின்றன என்பதை அனுபவத்தில் கண்டதாக எழுதியிருக்கிறார். மருந்தைச் சோதிப்பவரும் சாப்பிடாத நாட்களைச் சேர்த்து அன்றன்றே குறிக்க வேண்டும். வலியின் கடுமையையும் எழுதுவது முக்கியம். வலி கடுமையாக இருக்கும் நாட்களில்தான் பெரும்பாலும் மருந்தைத் தேடுகிறோம் என்பதால், அதைக் கணக்கில் எடுக்காத ஒப்பீடு தவறான விடையைத் தரும்.