விஷ்ணுகிரந்தியை எப்படி அடையாளம் காண்பது?

உசில் மரமும் வெள்வேலமும் நிற்கும் வறண்ட காட்டில், மழை பெய்து ஓய்ந்த சில வாரங்களில், தரையோடு தரையாகச் சுண்டுவிரல் நகமளவு நீலப் பூக்கள் தெரியும். பெரும்பாலும் அது விஷ்ணுகிரந்தி என்ற மூலிகைதான். ஆனால் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏற ஏறப் பூ சுருங்கிவிடும்.

சர்க்கரைவள்ளியும் வள்ளைக்கீரையும் இதன் குடும்பம்தான். ஆனாலும் இது எதையும் சுற்றி ஏறுவதில்லை. கட்டை பாய்ந்த அடிவேரிலிருந்து மெல்லிய தண்டுகள் நாலாபக்கமும் படரும். நுனி மட்டும் கொஞ்சம் தலைதூக்கும். கோடையில் மேல்பகுதி கருகினாலும் வேர் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குத் துளிர்க்கும். இலையிலும் தண்டிலும் படிந்த வெள்ளை மயிர், வறட்சியில் நீர் வீணாகாமல் காக்க உதவுகிறது.

நீல நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இதே செடியில் வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. சரி, எதை நம்புவது? ஒரு பூவைப் பறித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நடுவில் பாருங்கள். இதழ்கள் ஐந்தும் ஒட்டி ஒரே வட்டமாக இருக்கும். ஐந்து மகரந்தத் தாள்கள். அவற்றுக்கு நடுவே, பூவின் பெண் பகுதியிலிருந்து எழும் இரண்டு சூலகத்தண்டுகள், ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து, மொத்தம் நான்கு மெல்லிய இழைகள். எண்ணிப் பார்க்க வேண்டியது இந்த நான்கைத்தான். வடக்கே சங்கபுஷ்பி என்று விற்கப்படும் கன்வால்வுலஸ் செடியில் சூலகத்தண்டு ஒன்றுதான், அதன் நுனியில் கிளை இரண்டு. மண்ணும் மழையும் மாறினால் இலையின் அளவும் மாறும். இந்த எண்ணிக்கை அப்படி மாறுவதில்லை. தாவரங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட லின்னேயஸே 1753இல் விஷ்ணுகிரந்தியைக் கன்வால்வுலஸோடு சேர்த்திருந்தார். 1762இல்தான் பிரித்து எவால்வுலஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்.

அந்த எவால்வுலஸிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் புல்வெளிகளில் பரவிய வெள்ளைப்பூ இனத்துக்கும் நான்கு இழைகள் உண்டு. அங்கே தண்டைத் தூக்கிப் பாருங்கள். கணுவுக்குக் கணு வேர் விட்டு, இலை வட்டமாக இருந்தால் அது வந்தேறி. விஷ்ணுகிரந்தியின் தண்டு மண்ணில் கிடந்தாலும் கணுவில் வேர் விடாது. இலையும் நீள்வாக்கில் இருக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் விற்கும் விஷ்ணுகிரந்திப் பொடியில் இதெல்லாம் எடுபடாது. அரைத்த பிறகு சூலகத்தண்டை எங்கே தேடுவது? கொட்டைக்கரந்தை, சிவகரந்தை என்று ஒலியொத்த பெயர்கள் வேறு காதில் விழும். அவை வேறு செடிகள், சூரியகாந்திக் குடும்பம்.

மதியம் போய்ச் சேர்ந்தவர்கள் காயைப் பார்க்கலாம். சிறிய உருண்டைக் காய், மெல்லிய காம்பில் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். முற்றினால் நான்காக வெடிக்கும். உள்ளே அதிகபட்சம் நான்கு விதைகள்.