எலும்பு வளரும் தம்பி, தசை சம்மதிக்கணுமே!

உயரம் கூட்டும் அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்டு இந்த மாதமும் ஒரு தம்பி வந்துவிட்டார். ஐந்தடி நான்கு அங்குலம், குறை சொல்ல முடியாத கால்கள். டேட்டிங் ஆப்பில் உயரத்தைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறதாம், வரன் பார்க்கும் தளத்திலும் அதே கதையாம். துருக்கியில் ஒரு கிளினிக்கில் பேக்கேஜ் பேசி முடித்துவிட்டார். "ஊருக்கு வந்த அப்புறம் பிசியோதெரபி மட்டும் நீங்க பார்த்துக்குவீங்களா சார்?"

அந்த 'மட்டும்'தான் எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது.

எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு உருவாகும். சோவியத் மருத்துவர் இலிசரோவ் 1950களிலேயே காட்டிவிட்டார். எலும்பு சொன்னபடி கேட்கும் பிள்ளை. ஆனால் எலும்பு நீண்டால் கால் நீண்டுவிட்டது என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. ஆடுசதை, குதிகால் தசைநாண், நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் பழைய நீளத்துக்குப் பழகியவை. அவையும் தினமும் இழுபடுகின்றன. ஆடுசதை இடம் கொடுக்காவிட்டால் குதிகால் தரையில் படாது, முன்பாதத்தில் நடப்பீர்கள். தொடை எலும்பை நீட்டினால் முழங்கால் மடங்க மறுக்கும். நரம்பு தாங்காவிட்டால் பாதத்தைத் தூக்கவே வராது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும், ஆள் மட்டும் மாடிப்படி இறங்கத் தடுமாறுவார். எக்ஸ்ரேயைக் காட்டி "எல்லாம் நார்மல்தானே சார்" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

"இப்பதான் எலும்புக்குள்ளேயே, காந்தத்தால நீளுற கம்பி வைக்கிறாங்களே?" சரி, பழைய முறைபோல காலைச் சுற்றி வெளியே வளையம் இல்லை, அதை எலும்போடு பிணைக்கும் ஊசிகள் இல்லை, ஊசித் துளையில் சீழ் பிடிக்காது. நல்லதுதான். இழுபடும் தசை அதே தசைதானே?

இதே சிகிச்சை, போலியோவிலோ விபத்திலோ ஒரு கால் குட்டையாகிப்போனவருக்கு வரம். அவர்களோடு மாதக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன், ஒரு நாளும் சலித்ததில்லை. நன்றாக ஓடும் இரண்டு கால்களை வெட்டுவது வேறு கணக்கு. சீனா 2006இல் அழகுக்காக இதைச் செய்யத் தடை போட்டது. 2016இல் ஹைதராபாத்தில் ஓர் இளைஞர் வீட்டுக்குச் சொல்லாமல் செய்துகொண்டது பெரிய விவகாரமாகி, மருத்துவர் மீதே நடவடிக்கை வந்தது.

இன்னும் மனம் மாறவில்லையா? அப்படியானால் பணம் கட்டும் முன் கேளுங்கள். இரண்டு காலையும் ஒரே நாளில் வெட்டுவார்களா? அதில் எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு நுரையீரலுக்குப் போய் அடைக்கும் ஆபத்து கூடும். கம்பியை எடுக்க இன்னொரு அறுவை உண்டு, அதன் செலவு பேக்கேஜில் இருக்கிறதா? நீட்டுவதற்கே 5 சென்டிமீட்டருக்கு ஐம்பது நாள். எலும்பு இறுக அதற்கப்புறமும் பல மாதம். அத்தனை நாளும் குளியலறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது யார்? வீட்டில் சொல்லுங்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அப்புறம், தயவுசெய்து ஒரு மனநல ஆலோசகரிடம் நாலு முறையாவது உட்கார்ந்து பேசுங்கள். நிராகரிப்பு வலிக்கும், அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வலியோடு தேதி குறிக்காதீர்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டு நீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு: பாதத்தின் மேல்புறம் மரத்தாலோ, பெருவிரலைத் தூக்க வராவிட்டாலோ அன்றைக்கே உங்கள் சர்ஜனிடம் சொல்லுங்கள். இழுக்கும் வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ யாரையும் கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி பிசியோவுக்கு வாருங்கள், திட்ட மாட்டேன். எக்ஸ்ரேயோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள், என்ன கம்பி வைத்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.