ஏதென்ஸ் சபையை வகுப்பறையில் கூட்டுவது எப்படி?

ஏதென்ஸ் மக்கள் சபையை வகுப்பில் விளையாட்டாக நடத்துவதென்றால் பெரிக்ளீஸின் பொற்காலத்தை எடுக்காதீர்கள். கி.மு. 403 தான் தோதான ஆண்டு. ஸ்பார்டாவிடம் தோற்ற நகரம், ஸ்பார்டாவின் ஆதரவோடு ஆண்ட முப்பது பேரின் ('முப்பதின்மர்') கொடுங்கோலில் எட்டே மாதத்தில் சுமார் 1,500 பேரைப் பறிகொடுத்திருந்தது. திராசிபூலோஸ் படை திரட்டி மக்களாட்சியை அப்போதுதான் மீட்டிருந்தார். கொன்றவனின் உறவினனும் செத்தவனின் தம்பியும் சபை கூடும் பினிக்ஸ் குன்றில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

நாற்பது மாணவர்கள் என்றால் திராசிபூலோஸ் அணிக்கு 9 பேர், மிதவாதிகள் 7, செல்வர் ஆட்சியை விரும்புவோர் 6, சாக்ரட்டீஸின் சீடர்கள் 4. மீதி 14 பேர் எந்த அணியிலும் சேராதவர்கள். விளையாட்டின் உயிரே இவர்களிடம்தான். நாற்பது பேரையும் அணி பிரித்துவிட்டால் முதல் நாளே தலையை எண்ணி முடிவைச் சொல்லிவிடலாம். அப்புறம் யார் என்ன பேசி என்ன?

அந்த 14 பேருக்கும் ஆளுக்கொரு அட்டை. தொழில், இழப்பு, ஆசை மூன்றும் அதில் இருக்கட்டும். எப்படி வாக்களிப்பது என்பது மட்டும் வேண்டாம். "டெகெலியாவில் முகாமிட்ட ஸ்பார்டா படை உன் நிலத்தைச் சூறையாடியது. இனி சண்டையில்லாமல் பயிர் செய்ய வேண்டும். உன் அண்ணனுக்கு முப்பதின்மர் நஞ்சு கொடுத்தார்கள். அவர்களுக்குத் துணைபோனவன் இதோ எதிரில் உட்கார்ந்திருக்கிறான்." இது போதும்.

நான்கு வகுப்புகளுக்கு நான்கு தீர்மானங்கள்: பொது மன்னிப்பு, திராசிபூலோஸோடு போரிட்ட அயலாருக்கும் அடிமைகளுக்கும் குடியுரிமை, நிலமுள்ளவருக்கே குடியுரிமை என்ற ஃபோர்மிசியோஸின் யோசனை, சபைக்கு வருவோருக்குப் படிப்பணம். அடிமை வேடத்தை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். வாய் திறக்க முடியாமல் அது கூனிக்குறுகி உட்கார்ந்திருக்கும். விலக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச இரண்டாம் தீர்மானமே இடம் தருகிறது.

தலைவரை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். கறுப்பு மொச்சைகளோடு ஒரே ஒரு வெள்ளை மொச்சையைப் பையில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஏதென்சில் சபைத் தலைவர் குலுக்கலில் வந்தவர்தான். பதவி ஒரு நாள், ஒருவருக்கு ஒரே முறை. "பேச விரும்புவோர் யார்?" என்று கட்டியக்காரன் கேட்க வேண்டும். வாக்கு, கை உயர்த்தி. தாளைப் பார்த்துப் படிப்பதற்குத் தடை. உள்ளங்கை அளவுச் சீட்டில் மூன்று குறிப்பு வைத்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கு நீர்க்கடிகாரம் வைக்கலாம். உண்மையில் அது நீதிமன்றத்தில் இருந்தது, சபையில் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். ஏதென்சின் சந்தைவெளியான அகோராவில் கிடைத்த மண்கலம் சுமார் 6.4 லிட்டர் கொள்ளும், ஆறு நிமிடத்தில் காலியாகும். பிளாஸ்டிக் பாட்டிலில் துளையிட்டுச் செய்தால் நீர் குறையக் குறைய ஓட்டமும் மெதுவாகும். அதனால் பாதி நீருக்குப் பாதி நேரம் என்று கோடு போடாதீர்கள். கைபேசியில் நேரம் பார்த்து ஒவ்வொரு நிமிடத்துக்கும் தனிக்கோடு.

மன்னிப்புத் தீர்மானம் தோற்றால் தோற்கட்டும், தடுக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் வேடத்தைக் கழற்றிவைத்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். மன்னிப்பு நிறைவேறியது, ஃபோர்மிசியோஸ் தோற்றார், திராசிபூலோஸின் குடியுரிமைத் தீர்மானத்தை ஆர்க்கினோஸ் சட்டமீறல் வழக்குப் போட்டு முடக்கினார். சாக்ரட்டீஸின் சீடர்களாக நடித்த நால்வரும் சாக்ரட்டீஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட கி.மு. 399 பற்றி அப்போது கேட்பார்கள். அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.